50 சதவீத நிழல்வலை: கோடைக்குச் சரி, மற்ற நாளுக்கு வேண்டாம்

மாடித்தோட்டத்துக்கு நிழல்வலை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், என்ன செடி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, பாகல், புடலை மட்டும்தான் என்றால் வலைக்குச் செலவே செய்ய வேண்டாம். அவை கொளுத்துகிற வெயிலிலும் காய்க்கும், நிழலில் போட்டால்தான் சுணங்கும். தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லி, கீரை என்று வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கட்டியிருப்பது பச்சை நிற, 50 சதவீத வலை. எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்பதுதான் அந்தச் சதவீதக் கணக்கு. 35, 50, 75, 90 என்று பல அளவுகளில் கிடைக்கிறது. 75-ம் 90-ம் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போடலாம், காய்கறிக்கு ஆகாது.

தக்காளிக்கு என்ன பலன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோடையில் மேற்கு வெயில் நேராகப் படுகிற பக்கத்தில் காயின் தோல் வெளுத்து, காகிதம் மாதிரி சுருங்கி, பிறகு அழுகும். வலை கட்டிய பிறகு அது நின்றுவிட்டது. பழத்தின் நிறமும் தேறியது. 30 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. அதனால்தான் கோடைப் பழங்கள் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நின்றுவிடுகின்றன. வலைக்கடியில் பழம் அவ்வளவாகச் சூடேறுவதில்லை, ஓரளவுக்கு நன்றாகவே சிவக்கிறது.

ஆனால் "பூ உதிராது, காய் அள்ளும்" என்று வலை வந்த உறையில் போட்டிருந்தார்களே, அதை நம்ப வேண்டாம். வலை குறைப்பது இலை, மண், தொட்டி ஆகியவற்றின் சூட்டை. காற்றின் வெப்பநிலையை அது பெரிதாக மாற்றுவதில்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் தணியாவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும், பூ உதிரத்தான் செய்யும். ராத்திரிப் புழுக்கத்தை எந்த வலை தடுக்கும்?

கீரைக்கும் கொத்தமல்லிக்கும் கொடுத்த காசு வசூல். மேல்மண் சட்டென்று காயாததால் விதை சீராக முளைக்கிறது. கொத்தமல்லி அவசரப்பட்டுப் பூ விடுவதும் கொஞ்சம் தள்ளிப்போகிறது. நாற்றுத் தட்டுகளை வைக்கவும் இதைவிட நல்ல இடம் மாடியில் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். வலைக்குள் தண்ணீர்த் தேவை நன்றாகவே குறையும். பழைய அளவிலேயே ஊற்றினால் வேர் அழுகும், விரலை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்தது தயாரிப்பின் தரம். பின்னல் வலை என்பதால் எங்கே வெட்டினாலும் பிரியவில்லை, அது நல்ல விஷயம். மூலைகளில் இரட்டையாக மடித்துத் தைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில்தான் கஞ்சத்தனம். கயிறு கோக்கிற வளையத்தை ஒற்றை மடிப்பில் அடித்திருக்கிறார்கள். பலமாகக் காற்றடித்தால் வலை பாய்மரம் மாதிரி உப்பும், மொத்த இழுப்பும் அந்த வளையங்களில்தான் விழும். சில வளையங்கள் துளையோடு பிய்ந்து வந்துவிட்டன. இப்போது ஓரம் முழுக்கக் கயிறு கோத்து, அந்தக் கயிற்றைத்தான் குழாயில் கட்டியிருக்கிறேன். இன்னொரு குறை, இது தட்டை இழையில் பின்னிய வலை. வெயிலில் காய்ந்து சன்னமான பச்சைத் துணுக்குகளாகத் தொட்டி மண்ணில் உதிர்கிறது. பொறுக்கி மாளவில்லை. உருண்டை இழை வலை விலை கூடுதல்தான், ஆனால் அதிக நாள் வரும்.

கட்டும்போது தலைக்கு மேல் நன்றாக உயர்த்திக் கட்டுங்கள். செடியை ஒட்டித் தாழ்வாகக் கட்டினால் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கும். பக்கங்களை மூட வேண்டாம். தக்காளி, மிளகாய் எல்லாம் காற்றின் அசைவிலேயே காய் பிடித்துக்கொள்ளும். பூசணிக்கும் சுரைக்கும் மகரந்தம் கொண்டுவரப் பூச்சி வந்தே ஆக வேண்டும்.

உறையில் இருந்த "வருடம் முழுவதும்" என்ற வார்த்தைதான் எனக்கு ஆகவே ஆகாத ஒன்று. மழைக்காலத்தில் மேகமே பாதி வெயிலை விழுங்கிவிடுகிறது. அதற்கு மேல் இதையும் கட்டினால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று ஒல்லியாக வளரும், இலை ஈரம் காயாமல் பூஞ்சை ஏறும். மழையையும் இது தடுக்காது. துளிகள் இழையில் சேர்ந்து, பெருத்து, இளநாற்றின் மேல் சொட்டும். குளிர்ந்த மாதங்களில் தக்காளி, கத்தரி, அவரை எல்லாவற்றுக்கும் குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். அப்போது வலை சுருட்டப்பட்டு நிழலான இடத்தில் கிடக்க வேண்டும். அப்படி வைத்தால் வலைக்கும் ஆயுள் கூடும்.

அடுத்து வாங்கினால் 35 சதவீதம், வெள்ளை, உருண்டை இழை. செடிக்கு அதிகம் வேண்டிய சிவப்பு, நீல வெளிச்சத்தைத்தான் பச்சை வலை கூடுதலாக மறிக்கிறது. இப்போதிருக்கும் வலையைக் கீரைப் பக்கமும் நாற்றுத் தட்டுகளுக்கும் வெட்டிப் போட்டுவிடுவேன். 5-க்கு 3 கொடுக்கலாம். வளையத்தை மட்டும் ஒழுங்காக அடித்திருந்தால் மூன்றரை.