தலாமஸ் வலிக்கு லிக்னோகெய்ன் டிரிப்: இரண்டு வருஷக் கணக்கு

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் கழித்துத்தான் இந்த வலி ஆரம்பித்தது. கை கால் ஓரளவு தேறி நடக்கத் தொடங்கியிருந்தேன். அப்புறம் இடது பக்கம் முழுக்க மிளகாய்த்தூள் அப்பின மாதிரி எரிச்சல். ஃபேன் காற்று பட்டாலே ஊசி குத்தும். வேட்டிக்கரை உரசினால் போச்சு. தோலில் கோளாறில்லை, மூளையின் தலாமஸில் ஏற்பட்ட அடைப்பின் பின்விளைவு என்றார்கள். வலிக்குக் கொடுத்த மாத்திரைகளில் அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தியது, பிரிகாபலின் பகலெல்லாம் தூங்க வைத்தது. வலி பாதிகூடக் குறையவில்லை.

டாக்டர் லிக்னோகெய்ன் டிரிப் என்றதும் சிரித்துவிட்டேன். பல் பிடுங்கப் போடும் மரப்பு ஊசியாயிற்றே! ஆனால் ரத்தத்தில் மெதுவாக ஏற்றினால் உடம்பு மரத்துப்போகாது. ஓயாமல் துடிக்கும் நரம்புகளின் சோடியம் வாசலை, அதாவது சோடியம் உள்ளே புகுந்து நரம்பைத் துடிக்க வைக்கும் வழியை, அடைத்து அடக்கும். எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ ஆளான எனக்கு 300. இதயம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்மதித்தார்கள். ஒரு மணி நேரம், மார்பில் ஈசிஜி ஒயர்களோடு படுக்கை.

முதல் தடவை நாற்பதாவது நிமிடம் இருக்கும். மனைவி போர்வையைச் சரிசெய்தபோது அவள் முந்தானை என் இடது கைமேல் விழுந்தது. "என்னங்க, கையை இழுக்கவே இல்லையே?" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மருந்தில் பாதி இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பைவிட்டுப் போய்விடுகிறது. நிவாரணம் மட்டும் எனக்கு எட்டு, பத்து நாள் நிற்கிறது. எல்லோருக்கும் அப்படி நிற்காது. சிலருக்கு அன்று மாலையே வலி திரும்பிவிடும். உரசல் வலிதான் நன்றாக அடங்குகிறது, எரிச்சல் கொஞ்சம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் இன்றும் அதே துள்ளல்தான். பிரான்சில் 16 பேரை வைத்துச் செய்து 2000இல் வெளியான ஆய்விலும் இப்படித்தான்: உரசல் வலி குறைந்தது, சூடு குளிர் பட்டால் வரும் வலி மசியவில்லை.

ஒருமுறை டிரிப் வேகமாக ஓடிவிட்டது. உதட்டைச் சுற்றி மரப்பு, நாக்கில் இரும்பு ருசி, காதில் ரீங்காரம். உடனே சொன்னேன், நிறுத்தினார்கள். இவை எச்சரிக்கை மணி. வாயை மூடிக்கொண்டு பொறுக்கவே கூடாது, மீறினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பும் தடுமாறும். வீட்டில் ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கும்பிட்டுத் தடுத்தேன்.

5 சதவீத லிக்னோகெய்ன் பட்டையும் ஒட்டிப் பார்த்தேன். வீண் செலவு, வலி பிறக்கும் இடம் மண்டைக்குள் இருக்க, தோலில் ஒட்டி எனக்கு என்ன பயன்? அதே வகை மாத்திரையான மெக்சிலெடின் வயிற்றைப் புரட்டியது, இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்த டிரிப் வரும் வியாழன். போன ஞாயிறே வலி திரும்பிவிட்டதால் ஹாலில் ஃபேன் ஓடவில்லை. வீட்டில் எல்லோரும் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.