ஈரல் கட்டிக்கு வெட்டும் சூடும் ஒரே ஆபரேஷனில்: பாளையங்கோட்டையில் எங்கள் அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் செய்யும் எங்கள் பெரியப்பாவுக்கு, ஹெபடைடிஸ் பி கிருமி வருஷக்கணக்காக ஈரலில் தங்கி, ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் ஆகி, கடைசியில் புற்றுக்கட்டியும் வந்துவிட்டது. வலது ஓரத்தில் பெரியது ஒன்று, இடது பக்கம் ஆழத்தில், 2 சென்டிமீட்டருக்கும் குறைந்த அளவில் சின்னதாக இன்னொன்று. முதலில் காட்டிய இடத்தில், ரெண்டு பக்கமும் இருக்கு, ஆபரேஷன் செய்ய முடியாது என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இங்கே சர்ஜன் ஒரு தாளில் ஈரலை வரைந்து காட்டினார். நல்ல ஈரல் என்றால் கால்வாசி மிஞ்சினாலே தாங்கும், சிரோசிஸ் ஈரலில் கிட்டத்தட்ட 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும், ரெண்டு பக்கமும் வெட்டினால் அது மிஞ்சாது. அதனால் பெரியதை வெட்டி எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் அல்ட்ராசவுண்ட் கருவியை ஈரல் மேலேயே வைத்துப் பார்த்து, சின்னதுக்குள் ஊசியை இறக்கி, மின்சாரச் சூட்டில் சுட்டுவிடுவது. 60 டிகிரிக்கு மேல் போனால் கட்டியின் செல்கள் அங்கேயே செத்துவிடுமாம். கட்டியோடு நிற்காமல் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்தே சுடுகிறார்கள். 3 சென்டிமீட்டர் வரைக்கும்தான் இது நன்றாகக் கேட்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பெரிய ரத்தக்குழாய் ஒட்டி இருந்தால், ஓடுகிற வாய்க்காலுக்குள் அடுப்பு மூட்டின மாதிரி, சூட்டை ரத்தம் இழுத்துக்கொண்டு போய்விடும், அந்த இடத்துக்கு மைக்ரோவேவ் ஊசி மேல் என்றார். "பெரியப்பாவுக்கு எப்படி டாக்டர்?" என்று கேட்டதற்கு, ஸ்கேன் படத்தில் கட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த இடைவெளியை விரல் வைத்துக் காட்டினார். எனக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு காய்ச்சல் வந்தது, சுட்ட இடத்தினால் வருவதுதான் என்று நர்ஸ் அக்காமார் முன்னாடியே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

குறை ஒன்று, அது பெரிய குறை. சூடு வைக்கும் ஊசிக்குத் தனி பில், எஸ்டிமேட்டில் அது இல்லவே இல்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கவுண்டரில் நின்றுகொண்டு பணத்துக்கு அலைவது எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது. நீங்கள் போனால் ஊசி விலையையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், காப்பீட்டில் அது வருமா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சுட்ட கட்டி ஸ்கேனில் மறைந்துவிடாது, தழும்பாகத் தெரியும், ஸ்கேனுக்கான மருந்தை ரத்தத்தில் செலுத்திப் பார்க்கும்போது அந்த இடம் நிறம் பிடிக்காமல் இருந்தால் சரி. இது தெரியாமல் முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பெரியம்மா அழுதுவிட்டார். மிச்ச ஈரலில் புதுசாக வர வாய்ப்பு உண்டு என்பதால் 3 மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனும் ஈரல் புற்றுக்குப் பார்க்கும் ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார்கள், ஹெபடைடிஸ் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். இத்தனை வருஷமாக எந்த ஆஸ்பத்திரியிலும் எங்களுக்கு இதை யாரும் சொன்னதில்லை.