ஊருக்கு கிளம்புறப்ப போன் வாங்குறீங்களா? டிக்கெட் தேதிய மட்டும் கடைல சொல்லிராதீங்க

சிங்கப்பூர்ல வேலை பாக்குற நம்மாளுங்களுக்காகத்தான் இத எழுதுறேன், அதுலயும் லீவு கெடச்சு ஊருக்கு கிளம்புற நேரத்துல அவசர அவசரமா சாமான் வாங்குறவங்க முழுசா படிச்சிருங்க. கடை பேர் போடல, விஷயம் இன்னும் முடியல. லிட்டில் இந்தியாலேந்து ஜாலான் புசார் போற பக்கம் ஒரு பழைய கட்டடம், கீழ வரிசையா போன் கடைங்க, அதுல ஒண்ணு.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஃபிளைட், நமக்கு கெடச்சது அந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் எப்டி இருக்கும்னு சொல்லவே வேணாம். பணம் அனுப்புற கடைல க்யூ வெளிய நடைபாதை வரைக்கும் நிக்குது, அத முடிச்சுட்டு முஸ்தஃபால கோடாலி தைலம், மைலோ, சாக்லேட்டுன்னு வழக்கமான சாமானெல்லாம் அள்ளிக்கிட்டு, ரோட்டோரக் கடைல ஒரு பெட்டியும் வாங்கிட்டு வந்தா ஃபேரர் பார்க் எம்ஆர்டி வாசல்லயே ஒரு சக்கரம் கழண்டு ஓடுது. திருப்பி இழுத்துட்டுப் போனா "சேல் ஐட்டம்ணே, மாத்த முடியாது"ங்குறான். (சேல்ல வாங்குனாலும் கோளாறுள்ள பொருள்னா கடைக்காரன் ரிப்பேர் பண்ணியோ மாத்தியோ குடுக்கணும், 2012லேந்து லெமன் லான்னு ஒரு சட்டமே இருக்கு. அத அவன்கிட்ட சொன்னா சிரிக்கிறான்.) சரி பெட்டி கெடக்கட்டும், கயித்தக் கட்டிக்கலாம்னு விட்டுட்டேன்.

அப்பாவுக்கு போன் வாங்கத்தான் அந்த கட்டடத்துக்குள்ள போனது. கண்ணாடி அலமாரில 460 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்தான்) அட்டை மாட்டிருக்கு. கவுன்டர்ல நின்ன தம்பி நம்மாளு. "வாங்கண்ணே, எந்த ஊரு?" அறந்தாங்கின்னேன். "அட, நமக்கு பேராவூரணிண்ணே"ன்னு கைய குடுக்குறான். அடுத்த கேள்வி, "எப்பண்ணே பயணம்?" நாளன்னைக்குன்னு சொன்னேன். இந்த கேள்வி இருக்கே, இதத்தான் நல்லா கவனிக்கணும். ஊர்க்காரன் பாசமா விசாரிக்குறான்னு தோணும். அவன் பாக்குறது நம்மகிட்ட சண்டை போட எத்தன நாள் இருக்குன்னு. நாளன்னைக்கு பறக்குறவன் போலீஸுக்கும் போக மாட்டான், கோர்ட்டுக்கும் போக மாட்டான்னு அவனுக்கு நல்லாவே தெரியும்.

போன்லயே பேங்க் காசு அனுப்புற பேநவ்ல 460 அனுப்புனேன், டொய்ங்னு சத்தம் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் ஆட்டம் ஆரம்பிச்சுது. "ஆக்டிவேட் பண்ணி தரேன்ணே"ன்னு பாக்ஸோட பின்னாடி ரூமுக்கு போனான், ஆளையே காணோம். கடைசில வேற ஒருத்தன் கைல ஒரு பேப்பரோட வந்து ஜிஎஸ்டி 41.40, ஒரு வருஷ வாரண்டி 120, மொத்தம் 161.40 இன்னும் கட்டணும்ங்குறான். அட்டைல 460ன்னுதான போட்டிருக்குன்னு கேட்டா, "அது ஜிஎஸ்டி இல்லாத ரேட்டு, நீங்க சாங்கி ஏர்போர்ட்ல மெஷின்ல போட்டா அந்தக் காசு அப்டியே திரும்ப வந்துரும்"னு கூசாம சொல்றான்.

ரெண்டுமே பொய். கடைல மாட்டுற விலை ஜிஎஸ்டி சேத்த விலையாத்தான் இருக்கணும், 9 சதவீதத்த தனியா பில்லு போடுறப்ப ஏத்துறது இங்க செல்லாது. ஏர்போர்ட்ல காசு திரும்ப கெடைக்குறது டூரிஸ்டுக்கு மட்டும்தான், பர்மிட்லயோ எஸ் பாஸ்லயோ இங்க வேலை பாக்குற நமக்கு ஒரு காசு கெடையாது. ஜிஎஸ்டி வாங்குற கடைன்னா பில்லுல அவங்க ஜிஎஸ்டி பதிவு நம்பர் இருக்கணும். எனக்கு குடுத்தது கார்பன் பேப்பர் வெச்சு கையால எழுதுன பில்லு. நம்பரும் இல்ல ஒண்ணும் இல்ல, கீழ மட்டும் சின்னதா ரப்பர் ஸ்டாம்ப், வித்த சாமான் திரும்ப எடுக்கப்பட மாட்டாதுன்னு.

வாரண்டி வேணாம், போனும் வேணாம், காசக் குடுன்னு சத்தம் போட்டேன். சீல் பிரிச்சாச்சு, ஆக்டிவேட் ஆயிருச்சு, முடியாதுங்குறான். நம்ம பேராவூரணி தம்பி தலையக் குனிஞ்சுகிட்டு அடுத்த ஆளுக்கு கவர் எடுத்துக் காட்டிட்டு இருக்கான். காசும் அவன்கிட்ட, போனும் உள்ள ரூம்ல. வேற வழியில்லாம 41.40 மட்டும் கட்டி போன வாங்கிட்டு வெளிய வந்தேன்.

வூட்லண்ட்ஸ் ரூமுக்கு வந்து *#06# அடிச்சுப் பாத்தா போன்ல காட்டுற ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா இருக்குற அடையாள நம்பர்) வேற, பாக்ஸ்ல ஒட்டிருக்குற நம்பர் வேற. திங்கக்கிழமை அரை நாள் லீவு சொல்லிட்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு கொண்டுபோனா, இந்த செட் வேற நாட்டுக்குப் போன செட்டு, வாரண்டி ஓட ஆரம்பிச்சு பல மாசம் ஆச்சுன்னுட்டாங்க. புதுசுன்னு சொல்லி எவனோ தேச்ச போன பொட்டில போட்டு வித்துருக்கான். அப்ப அந்த 120 வெள்ளி வாரண்டி எதுக்குன்னு நீங்களே பாத்துக்கங்க. அங்கேருந்து நேரா கடைக்கு போனேன், அந்த தம்பி லீவாம், ஓனர் மலேசியா போயிருக்காராம்.

இது ஒண்ணும் புது வித்தையும் இல்ல. 2014ல சிம் லிம் ஸ்கொயர்ங்குற எலக்ட்ரானிக்ஸ் கடை கட்டடத்துல வியட்நாம்லேந்து வந்த ஒருத்தர் ஐபோன் 6க்கு 950 வெள்ளி கட்டிட்டு, வாரண்டிக்கு இன்னும் 1,500 குடுன்னு கேட்டதும் முட்டி போட்டு அழுத வீடியோ ஞாபகம் இருக்கா? அந்த கடை ஓனருக்கு அடுத்த வருஷம் 33 மாசம் ஜெயில் குடுத்தாங்க. காச மொதல்ல வாங்கிக்கோ, பொருள உள்ள வெச்சுக்கோ, அப்புறம் பேப்பர நீட்டு. அன்னைக்கும் இதே வழிதான், ஆளுங்கதான் மாறிருக்காங்க.

ஆனா ஊருக்கு பறக்குறவன் கோர்ட்டுக்கு போக மாட்டான்னு கடைக்காரன் போட்ட கணக்குல ஒரு ஓட்டை இருக்கு, நெறைய பேருக்கு அது தெரியாது. ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டுல புகார் குடுக்க 2 வருஷம் டைம் இருக்கு. 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீலே உள்ள வரக்கூடாது, 5,000க்குள்ளன்னா பீஸ் 10 வெள்ளிதான், ஆன்லைன்லயே போட்ரலாம். ஃபிளைட்ட விடவே வேணாம், ஊருக்கு போயிட்டு வந்து நிதானமா குடுக்கலாம். பர்மிட் முடிஞ்சு ஒரேயடியா கிளம்புறவங்கதான் கஷ்டம், அவங்க கிளம்புறதுக்கு ரொம்ப முன்னாடியே வாங்கி வெச்சுருங்க. அப்புறம், பாக்ஸ உங்க கண்ணு முன்னாடி பிரிச்சு நம்பர ஒத்துப் பாக்குற வரைக்கும் பேநவ் பட்டன்ல கை வைக்காதீங்க, பின்னாடி ரூமுக்கு எடுத்துட்டு போனான்னா அப்டியே எந்திரிச்சு வந்துருங்க.

நான் ஊர்லேந்து திரும்புன கையோட பயனீட்டாளர் சங்கத்துலயும் சொல்லிட்டு கோர்ட்லயும் 501.40க்கு போட்டுட்டேன். நோட்டீஸ் போன ரெண்டாம் நாளே கடைலேந்து போன் வருது, மலேசியா போன ஓனரேதான். "தம்பி, 250 தரேன், போன நீங்களே வெச்சுக்கங்க, கேஸ எடுத்துருங்க"ங்குறாரு. முடியாதுண்ணே, முழுக்காசும் குடுத்துட்டு உங்க போன வாங்கிட்டுப் போங்கன்னுட்டேன். தேதி அடுத்த மாசம் குடுத்துருக்காங்க. அந்த பக்கம் இதே மாதிரி கை பில்லு வாங்கி ஏமாந்தவங்க இருந்தீங்கன்னா பில்ல தூக்கிப் போட்டுறாதீங்க, 2 வருஷம் தாண்டலன்னா நீங்களும் போடுங்க.