வார்னிஷா, பிசினா: இரண்டு பழைய மூங்கில் தூண்டில்கள்

அமெரிக்காவின் டென்வரில் கிரேஞ்சர் நிறுவனம் செய்த ஒன்பதடித் தூண்டில் ஒன்றும், வெர்மாண்ட் மாநிலத்து மான்செஸ்டரில் ஆர்விஸ் நிறுவனம் செய்த எட்டடித் தூண்டில் ஒன்றும் ஒரே குளிர்காலத்தில் என் வேலை மேசைக்கு வந்தன. ஒன்றை விற்றால்தான் மற்றொன்றைப் புதுப்பிக்கும் செலவுக்குக் கட்டும் என்ற நிலை. ஆர்விஸை விற்றேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. இரண்டும் சீனத்துக் குவாங்டோங்கில் விளையும் டோன்கின் மூங்கிலை ஆறு சிம்புகளாகச் சீவி ஒட்டிய ஃப்ளை தூண்டில்கள், அதாவது பூச்சி போலச் செய்த இலேசான இரையை வீசி மீன் பிடிப்பவை; கழற்றி மாட்டும் துண்டுகளாக, பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டு நுனித்துண்டுகளோடு வருபவை. (டோன்கின் பரவலாவதற்கு முன் அமெரிக்கர்கள் நம்பியிருந்தது இந்தியாவிலிருந்து போன ‘கல்கத்தா’ மூங்கிலை.) வீசும்போது இரண்டுமே குறை வைக்காதவை; எட்டடி கைக்கு இலகுவானது என்பது சொல்லாமலே விளங்கும்.

என் தீர்ப்பு பராமரிப்பைப் பொறுத்தே அமைந்தது. அந்த வகையில் ஆர்விஸ் வென்றிருக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். 1940-களில் ஆர்விஸில் தூண்டில் செய்த வெஸ் ஜோர்டன் உருவாக்கிய முறையில் மூங்கிலுக்குள்ளேயே பேக்கலைட் என்ற செயற்கைப் பிசினை ஊறவைத்தார்கள். அதனால் மூங்கிலுக்கு மேல்பூச்சு வார்னிஷ் தேவைப்படுவதில்லை, மழையில் நனைந்தாலும் துடைத்து வைத்தால் போதும். ஆனால் பழைய தூண்டிலை வாங்கிச் சீர்செய்பவருக்கு, வேலை எவ்வளவு அரிதாக வருகிறது என்பதைவிட, வந்தால் அது தன் கைக்கு அடங்குமா என்பதே பெரிய கேள்வி.

கிரேஞ்சரின் வார்னிஷ் நுண்ணிய கோடுகளாக வெடித்து, சில இடங்களில் செதிலாக உதிர்ந்திருந்தது. இரசாயனக் கரைப்பான் ஒட்டுக்கோடுகளுக்குள் இறங்கிவிடலாம் என்ற அச்சத்தால், மழுங்கிய கத்தி முதுகால் மட்டுமே சுரண்டினேன். மூங்கிலின் வெளித்தோலை ஒட்டியிருக்கும் நார்களில்தான் தூண்டிலின் வலிமை முழுவதும் இருப்பதால், வார்னிஷ் போனதும் கை நின்றுவிட வேண்டும். அறுகோணத்தின் முனைகள் உருண்டுவிட்டால் அதைத் திருத்த வழியில்லை. பிறகு உயரமான குழாயில் படகு வார்னிஷை நிரப்பி, தூண்டிலின் ஒவ்வொரு துண்டையும் அதில் அமிழ்த்தி, மெதுவாகச் சுழலும் மோட்டாரால் மேலே இழுத்தேன். வேகம் சற்றுக் கூடினாலும் வார்னிஷ் வழிந்து திரளும். அறையில் தூசி பறந்தால் மீண்டும் தேய்க்க வேண்டியதுதான். தூண்டில் கயிறு ஓடும் வளையங்களைப் பிடித்துவைக்கும் பட்டு நூல் சுற்றுகளையும் புதிதாகவே போட்டேன். வார்னிஷ் பட்டதும் பட்டு கண்ணாடிபோல் ஆகி நிறம் மாறிவிடுவதால், முதலில் ஒரு குச்சியில் சுற்றிப் பார்ப்பது நல்லது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒவ்வொரு பிழையையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்க முடிந்தது.

ஆர்விஸின் ஒரு நுனித்துண்டு மூன்று அங்குலம் குறைந்திருந்தது. சாதாரண மூங்கிலில் புதிய நுனி செய்தால், பிசின் ஊறிய மற்றத் துண்டுகளின் நிறத்தோடும் பளபளப்போடும் அது சேராது. கிரேஞ்சருக்கோ, கைத்தொழிலாக இன்றும் தூண்டில் செய்பவர் எவரும் பழைய நுனியின் கூம்பளவை அளந்து, மூங்கிலைச் சூட்டில் பழுப்பாக்கிப் பொருத்தமாகச் செய்துவிடலாம். நிரந்தரமாக வளைந்துபோன துண்டை இளஞ்சூட்டில் நிமிர்த்தும் வேலையை வார்னிஷ் தூண்டிலில் மட்டுமே செய்திருக்கிறேன். பிசின் ஊறியதில் செய்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, எனவே அதைப் பற்றி என் சொல்லை யாரும் நம்ப வேண்டாம்.

விலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. சேகரிப்பவர்கள் தொழிற்சாலை வார்னிஷ் கலையாத தூண்டிலுக்கே கூடுதலாகக் கொடுப்பார்கள். புதுப்பித்தது, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஒரு படி இறங்கும். கிரேஞ்சரின் மேல்பூச்சு நன்றாக இருந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். நீளமும் அதற்கு எதிரானது: ஒன்பதடிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, குட்டையானவைதான் விலை போகும். நுனி குறைந்தும் ஆர்விஸ் ஒரு வாரத்தில் விற்றுப்போனது.

வாங்கியவர் அதை மழையிலும் எடுத்துச் செல்வதாகச் சொல்கிறார். நான் ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகுதான் கிரேஞ்சரை அதன் குழாய்க்குள் வைக்கிறேன். அதன் இரண்டாவது நுனி மூன்றாம் பூச்சு காய்வதற்காக இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.