பியர்ட்யூபில் எச்எல்எஸ் மட்டும் போதுமா, வெப் வீடியோவும் வேண்டுமா?

சொந்த சர்வரில் வீடியோ தளம் நடத்த உதவும் மென்பொருளான பியர்ட்யூபை நிறுவியதும், ஏற்றும் வீடியோவைப் பல ரெசல்யூஷன்களுக்கு மாற்றும் டிரான்ஸ்கோடிங் அமைப்பில் இரண்டு வசதிகள் கண்ணில் படும்: வெப் வீடியோ, எச்எல்எஸ். ஒன்றை மட்டும் வைக்கலாம், இரண்டையும் வைக்கலாம். நண்பர்கள் சேர்ந்து வகுப்புப் பதிவுகளுக்காக நடத்தும் எங்கள் சிறு தளத்தில் முதலில் இரண்டையும் போட்டிருந்தோம். இப்போது எச்எல்எஸ் மட்டும்தான்.

வெப் வீடியோ என்பது ரெசல்யூஷனுக்கு ஒன்றாகச் சாதாரண எம்பி4 கோப்பு. எச்எல்எஸ் 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த வீடியோ ஸ்ட்ரீமிங் முறை. பியர்ட்யூபில் அதுவும் எம்பி4தான். ஆனால் துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும், எந்தத் துண்டு எங்கே என்று சொல்ல ஒரு பிளேலிஸ்ட் கூடவே வரும். சிக்னல் குறைந்தால் பிளேயர் அடுத்த துண்டை 720-க்குப் பதில் 360-ல் எடுத்துக்கொள்ளும். பஸ்ஸில் போகும்போது போனில் பாடம் பார்ப்பவருக்கு இது பெரிய நிம்மதி. பார்வையாளர்கள் தங்களுக்குள் துண்டுகளைப் பகிர்ந்து சர்வரின் சுமையைக் குறைக்கும் வசதியும், 2023-ல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து எச்எல்எஸ்ஸுக்கு மட்டும்தான்.

எங்களை முடிவெடுக்க வைத்தது இவை எதுவும் இல்லை, டிஸ்க்தான்.

இரண்டையும் போட்டால் சிபியு வேலை இரட்டிப்பாகும் என்று நினைத்துத்தான் பயந்தோம். அப்படி ஆவதில்லை. வெப் வீடியோவை ஒருமுறை என்கோட் செய்துவிட்டால், பியர்ட்யூப் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி அதே படத்தையும் ஒலியையும் அப்படியே எடுத்து எச்எல்எஸ் வடிவில் அடுக்கிவிடும். ஆனால் டிஸ்கில் எல்லாமே இரண்டு பிரதி. ஒரு மணி நேரப் பாடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080-க்கு 4 எம்பிபிஎஸ், 720-க்கு 2, 480-க்கு 1, 360-க்கு 0.6 என்று வைத்தால் நான்கும் சேர்ந்து சுமார் 3.4 ஜிபி. வெப் வீடியோவும் இருந்தால் 6.8. வீடியோவுக்கு 150 ஜிபி இடம் இருக்கிறது என்றால் எச்எல்எஸ் மட்டும் இருந்தால் 44 மணி நேரம் வைக்கலாம், இரண்டும் இருந்தால் 22தான். அப்புறம் பேக்கப்பிலும் அதே இரட்டிப்பு. வாடகை சர்வரில் இது ஒருமுறை கொடுத்து முடிகிற செலவு இல்லை, மாதாமாதம் வருவது.

2024-ல் வந்த 6.3 பதிப்பு எச்எல்எஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய வைத்தது. ஒலியைத் தனியாகப் பிரித்து, எல்லா ரெசல்யூஷனுக்கும் பொதுவாக ஒரே பிரதி வைக்க முடிகிறது. 128 கேபிபிஎஸ் ஒலி மணிக்கு 58 எம்பி. நான்கு பிரதிக்குப் பதில் ஒன்று என்றால் 170 எம்பிக்கு மேல் மிச்சம். ஒலியை மட்டும் கேட்கவும் வழி கிடைக்கிறது. பாடங்களுக்கு அது எவ்வளவு உதவி!

வெப் வீடியோவுக்கும் இடம் உண்டு. பழைய டிவியின் பிரவுசரில் எச்எல்எஸ் திணறலாம், நேரான எம்பி4 ஓடிவிடும். கோப்பின் சுட்டியை அப்படியே வேறொரு செயலிக்குக் கொடுப்பவர்களுக்கும் அதுதான் வசதி. வீடியோ குறைவு, டிஸ்க் தாராளம் என்றால் இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. நேரலைக்கு நாங்கள் இந்தத் தளத்தைப் பயன்படுத்தியதில்லை. நான் சொல்வதெல்லாம் பதிவுகளை வைத்துத்தான்.

மாறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அமைப்பில் வெப் வீடியோவை நிறுத்தினால் புதிய பதிவுகளுக்குத்தான் அது பொருந்தும். பழைய கோப்புகள் டிஸ்கிலேயே இருக்கும். நிர்வாகப் பக்கத்து வீடியோ பட்டியலில் எல்லாவற்றுக்கும் எச்எல்எஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாதவற்றுக்கு அங்கிருந்தே எச்எல்எஸ் டிரான்ஸ்கோடிங் கொடுத்து, அது முடிந்து, ஒன்றிரண்டை ஓட்டிப் பார்த்த பிறகே வெப் வீடியோ கோப்புகளை மொத்தமாக நீக்குங்கள். சிறிய சர்வரில் இந்த வேலை பல மணி நேரம் இழுக்கும். 5.2 பதிப்பு முதல் இருக்கும் ரிமோட் ரன்னர் என்ற துணை நிரலை வீட்டுக் கணினியில் நிறுவி என்கோடிங்கை அதனிடம் தள்ளிவிட்டால், பார்ப்பவர்களுக்குத் தளம் மந்தமாகாது.