பழைய ஆப்பிள் டிவியில் டிவிஓஎஸ் 26: கண்ணாடி வரவில்லை, அதனால் என்ன?

ஆப்பிள் டிவி பெட்டியை இயக்கும் மென்பொருளான டிவிஓஎஸ் 26, 2025 செப்டம்பர் 15 அன்று வெளிவந்தபோது எல்லாரும் பேசியது லிக்விட் கிளாஸ் பற்றித்தான். மெனு, பட்டன், படம் ஓடும்போது கீழே வரும் கட்டுப்பாடுகள் என்று எல்லாமே கண்ணாடியில் செய்த மாதிரி, பின்னால் ஓடும் காட்சியைக் கொஞ்சம் வளைத்தும் மங்கலாக்கியும் காட்டும் புதிய தோற்றம். ஆனால் வீட்டில் பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு முக்கியமான சேதி அடிக்குறிப்பில்தான் இருந்தது. 2015-ல் வந்த ஆப்பிள் டிவி எச்டி வரைக்கும் அப்டேட் உண்டு, புதிய தோற்றம் மட்டும் 2021-ல் வந்த இரண்டாம் தலைமுறை 4கே பெட்டியிலிருந்துதான். எங்கள் வீட்டு ஹாலில் இருப்பது 2022-ன் மூன்றாம் தலைமுறை 4கே, அம்மா அறையில் இருப்பது பழைய எச்டி. இரண்டிலும் மென்பொருளின் பெயரும் எண்ணும் ஒன்றுதான், பார்க்க மட்டும் வேறு வேறு. ஹால் பெட்டியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் எழுத நினைப்பது அம்மா அறையில் இருப்பதைப் பற்றி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பிரிவினை சரியான முடிவு. புதிய தோற்றத்தைப் பழைய பெட்டியிலும் திணித்து அதைத் திணற வைக்கவில்லை, தோற்றம் ஓடாது என்பதற்காகப் பெட்டியைக் கைவிடவும் இல்லை. டிவியில் மாட்டும் சாதனங்களில் இந்த நடுவழியைப் பிடிப்பவர்கள் மிகக் குறைவு.

அம்மா அறையின் எச்டி பெட்டிக்குள் இருப்பது ஏ8 சிப், 2014-ன் ஐஃபோன் 6-ல் இருந்த அதே குடும்பம், கூட 2 ஜிபி ரேம். ஐஃபோன் 6 ஐஓஎஸ் 12-லேயே நின்றுபோனது. அதே சிப் உள்ள டிவி பெட்டி 2015-ல் டிவிஓஎஸ் 9-ல் தொடங்கி 18 வரை ஒவ்வொரு பதிப்பையும் வாங்கிக்கொண்டு, பிறகு எண்ணை ஆண்டுக் கணக்குக்கு மாற்றியதால் நேராக 26-க்குத் தாவி, மொத்தம் 11 பெரிய பதிப்புகளைப் பார்த்துவிட்டது. போனுக்குக் கிடைக்காத ஆயுள் டிவி பெட்டிக்குக் கிடைப்பது நியாயம்தான் என்று நினைக்கிறேன். போனை நாம் மாற்றிக்கொண்டே இருக்கிறோம், டிவிக்குப் பின்னால் சொருகிய பெட்டியை யாரும் காரணமில்லாமல் கழற்றுவதில்லை.

சரி, கண்ணாடி ஏன் பழையதில் வராது? ஒரு மெனுவைச் சாதாரணமாக வரைவதென்றால் ஒரு நிறத்தை நிரப்பி மேலே எழுத்தை வைத்தால் முடிந்தது. கண்ணாடித் தோற்றம் என்றால் பின்னால் என்ன ஓடுகிறது என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் எடுத்து, மங்கலாக்கி, ஓரங்களில் ஒளி வளைவதைக் கணக்கிட்டு, அதன் மேல் எழுத்தை வைக்க வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது ஒரு ஃபிரேமுக்கு 17 மில்லி நொடிகூட இல்லை. 1080பி திரையில் 20.7 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 83 லட்சம். பின்னணியில் ஓடுவது வீடியோ என்பதால் ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளவும் வழியில்லை.

எச்டி பெட்டியை விட்டது புரிகிறது. 2017-ன் முதல் தலைமுறை 4கே-யையும் சேர்த்து விட்டதில்தான் பலருக்கு வருத்தம். அதில் இருக்கும் ஏ10எக்ஸ் அப்படியொன்றும் சோப்ளாங்கி சிப் இல்லை, அந்த ஆண்டின் ஐபேட் ப்ரோவில் இருந்த அதே சிப். ஆனால் கொஞ்சம் யோசித்தால் கணக்கு பிடிபடும். அந்த ஐபேட் ப்ரோ ஐபேட்ஓஎஸ் 17-உடன் நின்றுவிட்டது, ஐபேட்ஓஎஸ் 26 ஓடக் குறைந்தபட்சம் ஏ12 வேண்டும், இரண்டாம் தலைமுறை 4கே பெட்டியில் இருப்பதும் அதே ஏ12. ஆக டேப்லெட்டிலும் டிவியிலும் கோடு ஒரே இடத்தில் விழுகிறது. ஒரு வித்தியாசம், கோட்டுக்குக் கீழே இருந்த ஐபேடுகளுக்கு 26-ஆம் பதிப்பே இல்லை, டிவி பெட்டிகளுக்குப் பதிப்பு உண்டு, பழைய தோற்றத்தோடு. இதற்காக யாரோ இரண்டு தோற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பராமரிக்கிறார்கள், சோதித்துப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வேலையைத்தான் நான் மதிக்கிறேன்.

அம்மா அறைப் பெட்டி அப்டேட்டுக்குப் பிறகும் பழையபடியேதான் இருக்கிறது. ஐகான்களுக்கு நடுவே நகரும்போது தேர்ந்தெடுத்த ஐகான் கொஞ்சம் பெரிதாகி முன்னால் வரும், படத்தை நிறுத்தினால் கீழே ஒரு கோடும் நேரமும் வரும், அவ்வளவுதான். "எதுல நிக்குதுன்னு தெரியுது, அது போதும்" என்பது அம்மாவின் தீர்ப்பு. டிவி இடைமுகத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. போனில் விரலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், டிவியில் ரிமோட்டால் ஒவ்வொரு படியாக நகர வேண்டும், அதனால் இப்போது எங்கே இருக்கிறோம் என்பது பத்து அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் பளிச்சென்று தெரிந்தாக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சமான காட்சி வந்தால் எழுத்து மங்கிப்போகும் என்பது லிக்விட் கிளாஸ் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே உலகம் முழுக்கச் சொல்லப்பட்ட குறை. ஐஃபோனில் பீட்டா (சோதனைப் பதிப்பு) காலத்திலேயே அதன் ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் குறைத்தார்கள், ஐஓஎஸ் 26.1-ல் கண்ணாடியை அடர்த்தியாக்க ஒரு தெரிவையும் கொடுத்தார்கள். ஹால் பெட்டியில் நான் அமைப்புகளுக்குள் போய் அணுகல்தன்மைப் பிரிவில் ஒளிபுகுதலைக் குறைத்து வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வரும் பெரியவர்களுக்கு அது உதவுகிறது. பழைய பெட்டியில் அந்தத் தேவையே எழவில்லை.

ஹாலில் இருப்பதில் கண்ணாடி அழகாகத்தான் இருக்கிறது, மறுக்க மாட்டேன். படம் ஓடும்போது மெனு வந்தாலும் காட்சி மறைந்த மாதிரி இல்லை. ஸ்கிரீன் சேவரில் கோவா, கேரளக் காட்சிகளும் சேர்ந்திருக்கின்றன, விருந்தினர் வந்தால் அதைப் பார்த்துக்கொண்டே பேச்சு தொடங்குகிறது.

இப்போது மற்றவர்கள் பக்கம். கூகுளின் குரோம்காஸ்ட், போனிலிருந்து டிவியில் படம் ஓட்டச் சொருகும் சாதனம். 2013-ல் 35 டாலருக்கு வந்த முதல் குரோம்காஸ்ட்டில் இடைமுகம் என்று பெரிதாக ஒன்றுமே இல்லை, எல்லாம் போனில்தான். அப்படிப்பட்ட சாதனத்துக்கும் 2023-ல் ஆதரவு நின்றது. 2025 மார்ச்சில் நடந்தது இன்னும் பாடமானது: 2015-ன் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்களுக்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் பத்தாண்டுக் கெடு முடிந்ததும் உலகம் முழுக்க அவை ஒரே நேரத்தில் படுத்துவிட்டன, கூகுள் அவசரமாக அப்டேட் அனுப்பி எழுப்பியது. அந்தப் பெட்டிகளுக்கு யாரும் புதிய தோற்றம் கேட்கவில்லை, சான்றிதழைப் புதுப்பித்திருந்தால் போதும். 2019 டிசம்பரில் ரோகு என்ற நிறுவனத்தின் பழைய டிவி பெட்டிகள் சிலவற்றிலும் சில சாம்சங் டிவிகளிலும் நெட்ஃபிளிக்ஸ் நின்றபோதும், 2024 ஜூலை கடைசியில் எச்டிக்கும் முந்தைய இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆப்பிள் டிவியில் (4கே பெட்டிகள் அல்ல) நின்றபோதும் பெட்டி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பார்க்க வேண்டியது அதில் வராமல் போனது. பழைய சாதனத்தை ஆதரிப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்: பாதுகாப்பு அப்டேட், சான்றிதழ், படங்களை நகலெடுக்க விடாத பதிப்புரிமைப் பூட்டு, செயலிகள் தொடர்ந்து ஓட ஒரு தளம். தோற்றம் கடைசியில்தான் வரும்.

அந்த வகையில் எச்டி பெட்டிக்கு உண்மையான ஆபத்து ஆப்பிளிடமிருந்து இல்லை, செயலி எழுதுகிறவர்களிடமிருந்து. நாங்கள் தமிழ்ப் படங்களுக்காகச் சந்தா கட்டும் ஒரு சேவை, பெயர் வேண்டாம், தன் முகப்பை மாற்றியது. இப்போது ஒவ்வொரு போஸ்டர் மேலும் நின்றவுடன் டிரெய்லர் தானாக ஓடும், பின்னணியில் பெரிய படம் மாறும், கீழே ஐந்தாறு வரிசைகள் ஏற்றப்படும். ஹாலில் சரளமாக ஓடுவது அம்மா அறையில் ரிமோட்டை அழுத்திவிட்டு ஒரு மூச்சு விட்டுத்தான் நகர்கிறது, அடுத்த செயலிக்குப் போய்த் திரும்பினால் முதலிலிருந்து ஏற்றுகிறது. 2 ஜிபி ரேமில் வேறென்ன நடக்கும்? எந்தப் பெட்டியில் ஓடுகிறோம் என்று செயலிக்குத் தெரியும், பழையது என்றால் டிரெய்லரைத் தானாக ஓட்டாமல் இருப்பது பெரிய பொறியியல் வேலையும் இல்லை. சந்தா இரண்டு அறைக்கும் ஒரே பணம்தானே. பழைய வீட்டை இடிக்காமல் மாடி கட்டுகிறவர்கள் முதலில் அடித்தளம் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பார்கள், அந்தக் கவனத்தைத்தான் கேட்கிறேன்.

ஆப்பிளிடமும் எனக்கு ஒரு குறை உண்டு, அது பெரிய குறை. எச்டி பெட்டி 2015-ன் பொருள் என்று சொல்கிறோம், ஆனால் கடைகளில் அது 2022 அக்டோபர் வரை, மூன்றாம் தலைமுறை 4கே அறிவிக்கப்படும் வரை, அதிகாரபூர்வமாக விற்பனையில் இருந்தது. 2021-ல் புதிய ரிமோட்டைச் சேர்த்து மறுபடியும் விற்றார்கள். 2022-ல் வாங்கியவருக்கு அது ஏழு வயதுப் பெட்டி இல்லை, புதுப் பெட்டி. அவருக்கு ஃபேஸ்டைம் வீடியோ அழைப்பு இல்லை (டிவிஓஎஸ் 17-ல் வந்தது, இரண்டாம் தலைமுறை 4கே முதல்தான்), ஐஃபோனை மைக்காக வைத்துப் பாடும் வசதி இல்லை (அதற்கு மூன்றாம் தலைமுறையே வேண்டும்), மூன்றே ஆண்டுகளில் புதிய தோற்றமும் இல்லை. இவற்றில் எது எந்தப் பெட்டியில் வரும் என்பது பொடி எழுத்தில் கிடக்கிறது. அப்டேட் திரையிலேயே "உங்கள் பெட்டியில் இவை வரும், இவை வராது" என்று நான்கு வரி எழுதினால் எவ்வளவு குழப்பம் குறையும்! புதிய தோற்றத்தைக் காணோம் என்று பெட்டியை ரீசெட் செய்து, எல்லாக் கடவுச்சொல்லையும் மறுபடி அடித்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

எச்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? உங்கள் டிவி 1080பி என்றால், நீங்கள் பார்க்கும் செயலிகள் ஓடுகின்றன என்றால், கண்ணாடிக்காக மட்டும் செலவு செய்யாதீர்கள். பழைய கறுப்புக் கண்ணாடி ரிமோட் தொல்லை என்றால் புதிய சிரி ரிமோட்டை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம், எச்டி பெட்டியிலும் அது வேலை செய்யும், அம்மாவுக்கு நான் செய்தது அதுதான். 4கே டிவி வாங்கிவிட்டீர்கள், எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் படம்) வேண்டும் என்றால் அது மாற்ற நியாயமான காரணம். மூன்றாம் தலைமுறை இந்தியாவில் ₹14,900-க்கு அறிமுகமானது. இணையக் கம்பி சொருகும் ஈதர்நெட் துளையும் 128 ஜிபியும் உள்ளது ₹16,900-க்கு வந்தது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை. முதல் தலைமுறை 4கே-யும் இரண்டாம் தலைமுறை 4கே-யும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், விற்பவர் "4கே தான் சார்" என்று சொல்வது பொய்யும் இல்லை. பெட்டியைத் திருப்பி அடியில் உள்ள எண்ணைப் படியுங்கள். ஏ1625 என்றால் எச்டி, ஏ1842 என்றால் முதல் தலைமுறை 4கே, இந்த இரண்டிலும் கண்ணாடி வராது. ஏ2169 என்றால் இரண்டாம் தலைமுறை, வரும். ஏ2737, ஏ2843 இரண்டும் மூன்றாம் தலைமுறை, எல்லாமே வரும். ஏ1842-ஐ ஏ2169 விலைக்குத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.