பாண்டி வேர்வைக்கும் உப்புக் காத்துக்கும் எந்த ஹேண்டில்பார் டேப்?

மொதல்லயே சொல்லிடுறேன், பாண்டி கடலூர் பக்கம் இருந்துகிட்டு டிராப் பார் சைக்கிளுக்கு, அதாவது ஹேண்டில்பார் ஆட்டுக் கொம்பு மாதிரி கீழ வளைஞ்சிருக்கிற சைக்கிளுக்கு, கை பிடிக்கிற எடத்துல சுத்த மூவாயிரம் ரூபா குடுத்து டேப் வாங்குறது தண்டம். அந்த டேப்பு மட்டம்னு சொல்லல, நம்ம ஊரு காத்துல இருக்கிற உப்பும் கையில ஊத்துற வேர்வையும் எந்த டேப்பையும் ரொம்ப நாள் விட்டு வைக்காது, அதுவும் இல்லாம வருஷத்துக்கு ஒரு வாட்டியாவது டேப்ப உரிச்சு உள்ள இருக்கிற ஹேண்டில்பார் கம்பிய பாத்தே ஆவணும், அப்படி உரிச்சுப் போடப்போற சாமானுக்கு எதுக்கு அவ்ளோ காசு. இப்ப என் சைக்கிள்ல இருக்கிறது ஆன்லைன்ல 380 ரூபாக்கு வாங்குன கறுப்பு கார்க் டேப்பு. போன மார்கழில சுத்துனது, கத்திரி வெயிலு ஐப்பசி மழை ரெண்டையும் பாத்துட்டு இன்னும் பாத்தா பரவால்லன்னு சொல்ற மாதிரிதான் இருக்கு.

இந்த கார்க் டேப்புங்கிறது பெரும்பாலும் ஈவிஏ ஃபோம், அதுல கொஞ்சம் கார்க் தூள் கலந்திருப்பாங்க, விலை கொறஞ்ச செருப்புல கால் வைக்கிற எடத்துல மெத்துன்னு இருக்குமே அதே வகை ஃபோம்தான். கைக்கு மெத்துன்னு இருக்கும், வேர்வைய ஓரளவுக்கு தாங்கும், லேசா இழுத்தா வளையும், அதனால மொத தடவ சுத்துறவங்களுக்கும் சரிப்பட்டு வரும். கொறைன்னா ஒண்ணுதான், ரொம்ப இழுத்தா டப்புனு அறுந்துடும், சைக்கிள செவுத்துல சாய்ச்சு வச்சு உரசுனா பிச்சுக்கும்.

பியூ டேப்பு, அதாவது பாலியூரித்தேன். கடையில தொட்டுப் பாத்தா இதுதான் சூப்பரா இருக்கும், கையில ஒட்டுற மாதிரி ஒரு பிடி, பாக்கவும் லெதர் மாதிரி ஷைனிங். ஆனா சூடும் ஈரமும் சேந்து இருக்கிற எடத்துல இந்த பாலியூரித்தேன் தானா சிதைய ஆரம்பிக்கும், பீரோல சும்மா வச்சிருந்த ஷூ ஒரு நாள் எடுத்துப் போட்டா அடிப்பாகம் பொடிப்பொடியா உதிருமே, அதே பொருள் அதே வியாதிதான். நம்ம ஊர்ல கேக்கவே வேணாம், மட்டமான பியூ டேப்புன்னா கொஞ்ச நாள்ல மேல் தோல் பிசுபிசுன்னு ஆயி கையில கறுப்பா ஒட்டும், வெள்ளச் சட்டை போட்டுட்டு ஓட்டுனீங்கன்னா அவ்ளோதான். கூட ஓட்டுற ஒருத்தர் லிசர்ட் ஸ்கின்ஸ்னு ஒரு கம்பெனி டேப்பு போட்டிருக்காரு, 1.8 மில்லி, 2.5, 3.2ன்னு தடிமன் தடிமனா வருது, அவருது 2.5. நானும் அவரு சைக்கிள வாங்கி ஓட்டிப் பாத்தேன், மழையில நனைஞ்ச கைக்கும் வழுக்கவே இல்ல, அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அந்த வெலைக்கு நான் என் டேப்ப ஏழெட்டு வாட்டி மாத்திடுவேன், ஒவ்வொரு வாட்டியும் புதுசு.

துணி டேப்பு இருக்கு, பழைய ஸ்டீல் சைக்கிள அழகா ரெடி பண்ணி வச்சிருக்கவங்க சுத்துவாங்க, பாக்க ஜோரா இருக்கும், ஆனா வேர்வைய உறிஞ்சி வச்சிக்கிட்டு நாறும். ஆரோவில் ரோட்டுல மெதுவா காப்பி குடிக்கப் போறவங்களுக்கு ஓகே. சிலிக்கான் டேப்புல பசை இருக்காது, கழட்டி கழுவி திரும்ப சுத்திக்கலாம், அந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்து அத வாங்கலாமான்னு யோசனை இருக்கு, விலைதான் கொஞ்சம் எடிக்குது.

வெள்ளை வாங்காதீங்க. படத்துல பாக்க நல்லா இருக்கும்தான், ஈசிஆர் புழுதிக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை தாங்காது, பாத்திரம் கழுவுற சோப்பும் பழைய டூத் பிரஷும் வச்சு தேச்சுக்கிட்டே இருக்கணும்.

தடிமன் பத்தி ஒரு விஷயம். நெறைய பேரு கை மரத்துப் போவுதுன்னு தடியான டேப்பா தேடுறாங்க. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் ஜிவ்வுனு மரத்துப் போச்சுன்னா அது உள்ளங்கையோட வெளி ஓரமா போற அல்நார் நரம்பு அழுந்துறதால வர்றது, டேப்பு மட்டும் அதுக்கு மருந்து இல்ல. டயர்ல காத்து கல்லு மாதிரி அடிச்சிருக்கீங்களா, ஸீட் மூக்கு கீழ சாஞ்சு உடம்பு வெயிட் பூரா கையில விழுதா, ஒரே எடத்துல கைய வச்சிக்கிட்டு கடலூர் வரைக்கும் போறீங்களா, இதையெல்லாம் பாத்துட்டு அப்புறம் டேப்புக்கு வாங்க. எனக்கு 2.5 மில்லி சரியா இருக்கு. 3க்கு மேல போனா சின்னக் கை இருக்கவங்களுக்கு கம்பிய முழுசா பிடிக்கவே வராது.

இப்ப சுத்துறதுக்கு வருவோம், வெலை கொறஞ்ச டேப்பு பேரு கெட்டுப் போறதே இங்கதான். டவுன்ல ஒரு கடையில 200 ரூபா கூலி வாங்கிட்டு சுத்திக் குடுத்தாங்க, கடை பேரு வேணாம், வேலை செஞ்ச பையன் நல்ல பையன்தான் ஆனா மேல ஸ்டெம் (ஹேண்டில்பார நடுவுல பிடிச்சிருக்கிற துண்டு) பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு கீழ கொண்டு போயி எண்ட் பிளக்ல (குழாய் முனைய அடைக்கிற மூடி) சொருகிட்டான். அப்படி செஞ்சா கடைசில ஒட்டுறதுக்கு இன்சுலேஷன் டேப்பு தேவையில்ல, வேலை சீக்கிரம் முடியும், ஆனா ஒவ்வொரு சுத்தோட ஓரமும் மேல பாத்து நிக்கும், நம்ம கை கீழ அழுத்தி அழுத்தி அந்த ஓரம் சுருண்டுக்கும். பக்கத்துல இருக்கிற ஊசுடேரி போயிட்டு திரும்பி வரதுக்குள்ள ரெண்டு எடத்துல சுருண்டு கம்பி தெரிஞ்சுது. என்னா தம்பி இப்பிடின்னு கேட்டா, "இல்லண்ணே, சீப் டேப்புன்னா அப்படித்தாண்ணே இருக்கும்"ங்கிறான். அதே கம்பெனி டேப்புதான் இப்பவும் என் சைக்கிள்ல இருக்கு, நானே சுத்துனது, எங்கயும் சுருளல.

கீழ டிராப் முனையிலதான், அதாவது வளைவோட கீழ் நுனியிலதான் ஆரம்பிக்கணும். டேப்போட பாதி அகலம் முனைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கட்டும், கடைசில அத உள்ள மடிச்சு பிளக்க அழுத்துனா கெட்டியா பிடிச்சுக்கும். சீட்ல உக்காந்து பாக்குற மாதிரி வச்சுக்கங்க, வலது பக்கம் கடியார முள்ளு சுத்துற திசை, இடது பக்கம் அதுக்கு எதிர் திசை, அதாவது ரெண்டு பக்கமும் மேல வர்ற டேப்பு வெளிப்பக்கமா போவணும். ஏன்னா டிராப்ஸ்ல, அந்த கீழ் வளைவுல பிடிச்சு மிதிக்கிறப்ப கை வெளிப்பக்கமா முறுக்கும், அந்த முறுக்கு டேப்ப இறுக்கும், எதிர்ல சுத்துனா தளத்தும். இதே திசையில பிரேக் லீவரத் தாண்டி மேல போனா அங்க டேப்பு முன்பக்கமா போகும், நம்ம கை மேல் பகுதிய பிடிச்சு பின்பக்கம் இழுக்கும், அதனால லீவர்கிட்ட எட்டு மாதிரி ஒரு சுத்து போட்டு திசைய மாத்திக்கிறவங்க இருக்காங்க. நான் மாத்தல, லீவர கம்பியோட பிடிக்கிற கிளாம்ப மறைக்க டேப்புகூடவே ரெண்டு சின்ன துண்டு குடுப்பாங்க, அத ஒட்டிட்டு நேரா மேல போயிட்டேன், நல்லா இழுத்து சுத்துனா பிரச்சனை வரல.

ஓவர்லேப், அதாவது ஒரு சுத்து மேல அடுத்த சுத்து ஏறுறது, மூணுல ஒரு பங்கு போதும், வளைவுல மட்டும் வெளிப்பக்கம் விரிஞ்சு இடைவெளி விழும், அங்க கொஞ்சம் அதிகமா ஏத்தி விடுங்க. ஒரு ரோலே ரெண்டு மீட்டர் சொச்சம்தான் வரும், எல்லா எடத்துலயும் பாதிக்கு பாதி ஏத்துனா, அகலமான பார்னா ஸ்டெம்முக்கு ஒரு சாண் முன்னாடியே தீந்துபோயி எல்லாத்தையும் கழட்டி திரும்ப சுத்த வேண்டியதுதான். இழுக்கிற அளவு எப்படின்னா, டேப்பு லேசா மெலிசாகி அகலம் ஒரு நூல் கொறையணும், அதுக்கு மேல இழுக்காதீங்க. லீவர்கிட்ட வர்றப்ப லீவர் மேல இருக்கிற ரப்பர் உறைய (ஹூட்) முன்னாடி உருட்டி விட்டுட்டு சுத்தி அப்புறம் எறக்கி விடுங்க, டேப்போட ஓரம் ஹூடுக்கு அடியில போயிடும். கடைசில கத்திரிக்கோலால சாய்வா வெட்டுங்க, அப்பதான் ஓரம் நேரா முடியும். பிளேடு போட்டு கம்பி மேலயே வச்சு அறுக்கிற பழக்கம் நெறைய கடையில இருக்கு, கார்பன் பார்ல கீறல் விழுந்தா ஆபத்து, விட்டுறாதீங்க. முடிக்கிறதுக்கு டேப்புகூட வர்ற ஸ்டிக்கர நம்பாதீங்க, வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னா உரிஞ்சுக்கும். எலக்ட்ரிகல் கடையில நல்ல பிவிசி இன்சுலேஷன் டேப்பு ஒண்ணு வாங்கி மூணு சுத்து போடுங்க, கடைசி சுத்த மட்டும் இழுக்காம ஒட்டுங்க, இழுத்து ஒட்டுனா அது சுருங்கி முனை கெளம்பிடும்.

சுத்துறதுக்கு முன்னாடி பழச உரிச்சா பசை திட்டுத்திட்டா நிக்கும். மண்ணெண்ணெய் போட்டா போயிடும் ஆனா எண்ணெய் பிசுக்கு நின்னு புது டேப்போட பசை பிடிக்காது, மெடிக்கல்ல கெடைக்கிற ஸ்பிரிட் போட்டு தொடச்சா சுத்தமா போகும். அப்பவே கம்பிய நல்லா பாருங்க, நான் வருஷா வருஷம் உரிங்கன்னு சொல்றதுக்கு காரணமே இதுதான். அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு நெனைப்போம், ஆனா வேர்வை உப்பு டேப்புக்கு அடியில தேங்கி நின்னு வெள்ளையா பவுடர் மாதிரி பூத்து அரிக்கும், அதுவும் லீவர் கிளாம்ப் ஓரத்துலயும் கேபிள் போற எடத்துலயும். தொடச்சா போயி அடியில வழவழன்னு இருந்தா கவலையில்ல, நகத்தால தடவுறப்ப குழி தட்டுப்பட்டாலோ முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சாலோ அந்த பார தூக்கிப் போட்டுடுங்க. ஓடுறப்ப பார் உடைஞ்சா பல்லு மிஞ்சாது. மரக்காணம் உப்பளம் பக்கமா அடிக்கடி போறவங்க, சைக்கிள ராத்திரி மாடியில திறந்த வெளியில நிறுத்துறவங்க இத கட்டாயம் பாக்கணும். பிரேக் கேபிளோட வெளி உறை (அவுட்டர்) நசுங்கியிருந்தா இப்பவே மாத்திடுங்க, டேப்பு சுத்துன பிறகு மாத்துனா டேப்பு காசும் சேந்து போகும். கேபிள கம்பியோட ஒட்டி மூணு நாலு எடத்துல இன்சுலேஷன் டேப்பு போட்டுட்டு சுத்துனா உள்ள நகராது.

கையிலேருந்து டேப்புல படிஞ்ச வேர்வைய எடுக்க ஓட்டிட்டு வந்தவொடனே ஈரத்துணியால ஒரு தொடை, அவ்ளோதான் பராமரிப்பு.

நேர் பார் இருக்கிற ஹைபிரிட் சைக்கிள் வச்சிருக்கவங்களும் இத சுத்தலாமான்னு கேக்குறாங்க. சுத்தலாம், தப்பில்ல, ஆனா நேர் பாருக்கு 22.2 மில்லி விட்டத்துக்குன்னே கிரிப்பு வருது, ரப்பர் கிரிப்பு ஒரு ஜோடி இதவிட சல்லிசு, ரொம்ப நாள் உழைக்கும், அதையே போடுங்க. டிராப் பார் பிடிக்கிற எடத்துல 23.8 மில்லி, அதனால அந்த கிரிப்ப இதுல ஏத்தப் பாக்காதீங்க.

380 ரூபா பாக்கெட்டுல ரெண்டு ரோல், ரெண்டு சின்ன துண்டு, ரெண்டு பிளக்கு, ஸ்டிக்கர் எல்லாம் வந்துது. பிளக்குதான் மட்டம், லூஸா ஆடுச்சு, தானா கழண்டு விழும். பிளக்கு இல்லாத குழாய் முனை கீழ விழுறப்ப வயித்துல குத்துனா கிழிச்சிடும், அதனால பழைய பிளக்கயே போட்டு அடியில ரெண்டு சுத்து இன்சுலேஷன் டேப்பு குடுத்து இறுக்கிட்டேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கலாம், ஒண்ணு கொறைச்சது அந்த பிளக்குக்கு.